தொட்டில் சாய்ந்தபோது

சோப்புத் தண்ணீர் வாளிதான் முதலில் போனது. சின்னவளின் முழங்காலில் மோதி, ஓரக் கம்பியைத் தாண்டிக் கவிழ்ந்து, கண்ணாடிச் சுவரை ஒட்டியபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. அது சின்னதாகி, இன்னும் சின்னதாகி, தரையில் பட்டுச் சிதறியதைப் பார்த்த பிறகுதான் தானும் அதே பக்கமாகச் சரிந்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

தொட்டிலின் வலப்பக்கம் இறங்கிவிட்டது. சற்று முன்புவரை மட்டமாக இருந்த தகரத் தரை இப்போது சறுக்குமரம் மாதிரி நின்றது. கால் வழுக்கி, இடுப்பு கம்பியில் இடித்து, பாதி வழியில் பெல்ட் அவளைச் சுண்டி இழுத்து நிறுத்தியது. தொடை இரண்டையும் வார் அறுத்தது. வெளியே போன மூச்சு உள்ளே வர மறுத்தது.

"அண்ணி!"

அண்ணி கீழ் முனையில் இருந்தாள். மூலைக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஒரு கால் கம்பிக்கு வெளியே தொங்கியது. வாய் திறந்திருந்தது, சத்தம்தான் வரவில்லை.

சின்னவள் அவள் முதுகைப் பார்த்தாள். பெல்ட்டின் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது மாட்டியிருக்க வேண்டிய கயிறு, கைக்கு எட்டாத தூரத்தில், காற்றில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

உயரமான கட்டிடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது அவர்கள் தொழில். மூன்று பேர் ஒரு குழு. மொட்டை மாடியில் வண்டியை இயக்குவது அண்ணன். அந்த வண்டியில் இரண்டு உருளைகள், உருளைக்கு ஒன்றாக இரண்டு இரும்பு வடங்கள். அந்த வடங்களில்தான் தொட்டில் தொங்கும். தொட்டிலில் நிற்பது அண்ணனின் மனைவியும் தங்கையும். வடத்தை மட்டும் நம்பி யாரும் நிற்பதில்லை. ஆளுக்கொரு உயிர்க்கயிறு மொட்டை மாடியிலிருந்து தனியாக இறங்கும். பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் தொட்டிலில் கால் வைக்கவே வேண்டும். அன்று அண்ணியின் கயிறு வாளியின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டது. "ஒரு நிமிஷம் இரு, சிக்கெடுத்துடறேன்" என்று கொக்கியைக் கழற்றினாள். சிக்கு விடுபட்டுக் கயிறு வெளியே விலகிய அந்த நேரம் பார்த்தா வலது உருளை வழுக்க வேண்டும்!

சின்னவளின் தோளில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"என்ன சத்தம்? வண்டி ஏன் குலுங்குச்சு?"

மேலே இருக்கும் அண்ணனுக்குத் தொட்டில் தெரியாது. மொட்டை மாடியின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாலும் வடங்கள் அதற்கடியில் போய் மறைவதுதான் தெரியும்.

சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் நடுவிலிருந்துதான் சொல்வாள். வீட்டுக்குள் நுழையும்போதே "அப்புறம் அவன் செருப்ப விட்டுட்டு ஓடிட்டான்" என்பாள். எவன், எங்கே, எதற்கு என்று மற்றவர்கள்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். "உனக்கு தலையும் கெடயாது, வாலும் கெடயாது, நடு முண்டம் மட்டும்தான்டி" என்று அண்ணி கிண்டல் செய்வாள். வீட்டில் அது சிரிப்பதற்கான விஷயமாகவே இருந்துவந்தது.

இப்போதும் அவள் வாயில் வந்தது நடுதான்.

"அண்ணே! அண்ணி விழுந்துடுவாங்க! தூக்கு, தூக்கு, சீக்கிரம் தூக்குண்ணே!"

அண்ணன் தூக்கினான்.

தூக்கு என்றால் அவனுக்குத் தெரிந்தது பச்சைப் பொத்தான். அழுத்தினால் இரண்டு உருளைகளும் சுற்றும், தொட்டில் மட்டமாக மேலே வரும். ஆனால் வலது உருளை வழுக்கிய பின் எங்கோ சிக்கி இறுகிப்போயிருந்தது. இடது உருளை மட்டும் சுற்றியது. சின்னவளின் பக்கம் உயர்ந்தது. அண்ணியின் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. சறுக்குமரம் ஏணியாக மாறத் தொடங்கியது.

அப்போதுதான் அண்ணிக்குக் குரல் வந்தது. அது வார்த்தையாக இல்லை. உள்ளே இருந்த காலும் வழுக்கி வெளியே போனது. மூலைக் கம்பியின்மேல் வயிற்றை அழுத்தி, துணி காயப்போட்டது மாதிரி தொங்கினாள்.

"நிறுத்து! நிறுத்து! ஐயோ, நிறுத்துண்ணே!"

நின்றது. இடது வடம் விண்ணென்று அதிர்ந்தது. சின்னவளுக்குக் கண் இருட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு? நீதானே தூக்கச் சொன்னே?" அண்ணனின் குரல் உடைந்திருந்தது. "இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல. எனக்கு இப்ப கண்ணு நீதான். முதல்லேர்ந்து சொல்லு. எந்தப் பக்கம் என்ன ஆச்சு, யாரு எங்க இருக்கா, எல்லாம் சொல்லு. மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொல்வதற்கு நாக்கு வேண்டாமா? அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எது முதல்? வாளியா? கயிறு சிக்கியதா? அண்ணி கழற்றியதை அண்ணனிடம் சொல்லலாமா? அந்த நேரத்திலும் அண்ணியைக் காட்டிக்கொடுக்கிறோமோ என்று ஒரு நினைப்பு ஓடியதை எண்ணிப் பின்னால் அவளே வியந்திருக்கிறாள்.

"வலது வடம் வழுக்கிடுச்சுண்ணே. வலப்பக்கம் கீழ போயிடுச்சு. இப்ப அது சிக்கி நிக்குது. நான் எடப்பக்கம். என் கொக்கி மாட்டியிருக்கு. அண்ணி வலது மூலையில... கம்பியப் புடிச்சுட்டு தொங்குறாங்க. அவங்க கொக்கி மாட்டல."

"என்ன மாட்டல?"

"கொக்கி. பெல்ட்டு கொக்கி. கயிறு தூரமா போயிடுச்சு. எட்டாது."

அண்ணன் யாரிடமோ கைபேசியில் அவசரமாகப் பேசுவது வாக்கிடாக்கியில் கேட்டது.

"தீயணைப்புக்கு இப்பதான் சொன்னேன். வந்துட்டிருக்காங்க," என்றான் கடைசியில். "இடது உருளைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா தொட்டில் மட்டமாயிடும். ஆனா இந்த வலது வடத்த நம்ப முடியாது. மட்டமாகுறப்ப திரும்பியும் வழுக்கலாம். அவள எதுலயாவது மாட்டினாத்தான் நான் பொத்தான்ல கை வைப்பேன். மாட்டாம வைக்க மாட்டேன்மா."

"எதுல மாட்டுறது? அவங்க கயிறு எட்டாதுன்னு சொல்றேன்ல?"

"உன் பெல்ட்டுல ரெண்டாவது கொக்கி இருக்குல்ல?"

இருந்தது. ஒவ்வொரு பெல்ட்டிலும் இரண்டு கொக்கிகள் உண்டு, இடம் மாறும்போது ஒன்று எப்போதும் மாட்டியிருப்பதற்காக. அண்ணியும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சின்னவளின் இரண்டாவது கொக்கி அவள் இடுப்பிலேயே கிடந்தது. அதை அண்ணியின் பெல்ட் வளையத்தில் மாட்டலாம். அதற்கு அண்ணியிடம் போக வேண்டும். அந்தச் சரிவில், கீழே.

அவள் போகவில்லை.

இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் உயிர்க்கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தீயணைப்பு ஆட்கள் வருவார்கள், அதுவரை அண்ணி பிடித்துக்கொள்வாள், அண்ணிக்கு வலுவான கை, எத்தனை வருஷமாக வாளி தூக்கிய கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் கயிறு ரெண்டு பேரைத் தாங்காவிட்டால்? அண்ணி விழும்போது தன்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டால்? பள்ளிக்கூடத்திலிருந்து தன் பிள்ளையை யார் கூட்டிவருவார்கள்? காற்று தொட்டிலைக் கண்ணாடியோடு உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"சின்னவளே."

அண்ணிதான் கூப்பிட்டாள். கத்தவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டாள்.

"கை சோப்பா இருக்குடி. வழுக்குது."

சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

அவள் கொக்கியை உயிர்க்கயிற்றோடு பிணைத்திருந்த இரும்புப் பூட்டின் நாக்கை அழுத்தினால் பூட்டு கொஞ்சம் கீழே இறங்கும். விட்டால் மறுபடி கவ்வும். அவள் அழுத்தினாள். ஒரு சாண் இறங்கினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். கால் தகரத்தில் நிற்கவில்லை. கம்பியின் இடுக்குகளில் கால்விரலைக் குத்திக் குத்தி, மரத்திலிருந்து தலைகீழாக இறங்கத் தெரியாத பூனை மாதிரி பின்பக்கமாகவே போனாள். கீழே பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியில் எல்லாமே தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு பெரிய அலுவலகம். மேசைகளை விட்டு எழுந்து நின்றவர்கள் வாயில் கை வைத்துக்கொண்டு இவளையே பார்த்தார்கள். தொந்தியுள்ள ஒருவர் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, இந்தப் பக்கம் இருக்கும் அண்ணியைத் தாங்கிப்பிடிப்பதுபோல நின்றார். அவர்கள் பேசுவது எதுவும் கேட்கவில்லை.

கயிறு பக்கவாட்டில் இழுத்தது. அது இடப்பக்கத்துக் கயிறு. இவள் வலப்பக்கம் போகப் போக அது அவளைத் திரும்ப அழைத்தது. இப்போது கால் தவறினால் ஊஞ்சல் மாதிரி போய்க் கண்ணாடியில் அடிபடுவாள்.

கடைசியில் அவள் கால் அண்ணியின் தோளில் பட்டது.

"மிதிக்காதடி," என்றாள் அண்ணி.

சின்னவள் முட்டி போட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் கொக்கியை எடுத்தாள். கொக்கியின் வாய் வளையத்தில் பட்டுப் பட்டு நழுவியது.

"வேணாம்டி." அண்ணி தலையைத் திருப்பாமலேயே சொன்னாள். "உன் கயிறு ஒருத்திக்குத்தான். நான் போனா நீயும் வந்துடுவே."

"சும்மா இருங்க அண்ணி."

"புள்ள இருக்கு உனக்கு."

"உங்களுக்கும்தான் ரெண்டு இருக்கு. வாய மூடிட்டு கொஞ்சம் அசையாம இருங்க, புண்ணியமா போகும்."

கொக்கி 'டக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம். சின்னவள் அதை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிறகு அண்ணியின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, அண்ணி ஒரு காலை உள்ளே கொண்டுவந்தாள், பிறகு மறு காலை. இரண்டு பேரும் மூலையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அண்ணியின் நெஞ்சு அடிப்பது சின்னவளின் முதுகில் தெரிந்தது.

"இப்ப விழுந்தா சேர்ந்தே விழுவோம்," என்றாள் அண்ணி. பற்கள் கிடுகிடுத்தன. "உங்கண்ணன் தனியா பொங்கித் தின்னட்டும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொட்டில் ஆடுமோ என்று அடக்கிக்கொண்டாள். அது அழுகையாக வெளியே வந்தது.

"அண்ணே. மாட்டியாச்சு. அண்ணி என் பெல்ட்டுல மாட்டியிருக்காங்க. ரெண்டு பேரும் வலது மூலையில இருக்கோம். இப்ப இடது உருளைய மட்டும் இறக்கு. மெதுவா இறக்கு. நான் நிறுத்துன்னா நிறுத்து."

வடம் முனகியது. இடப்பக்கம் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். ஏணி சறுக்குமரமானது. சறுக்குமரம் படுத்துக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே எங்கோ வலது உருளை பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அண்ணியின் நகங்கள் சின்னவளின் மணிக்கட்டில் இறங்கின.

ஏறக்குறைய மட்டமாகிவிட்டது. "போதும்" என்று சொல்ல வாய் திறந்தாள்.

வலப்பக்கம் விழுந்தது.

ஒரு முழம்கூட இருக்காது. தரை காலடியிலிருந்து போனது. கயிறு இருவரையும் ஒன்றாகச் சுண்டியது. சின்னவளின் விலா எலும்பில் ஏதோ நொறுங்கியது போல வலித்தது. அப்புறம் தரை மறுபடி வந்து காலில் இடித்தது. வடம் பிடித்துக்கொண்டது. கயிறும் பிடித்துக்கொண்டது. ரெண்டு பேரையும் பிடித்துக்கொண்டது.

"நிறுத்து," என்றாள். குரல் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னாள். "நிறுத்துண்ணே. லேசாத்தான் சாய்ஞ்சிருக்கு, போதும். இனிமே எதையும் தொடாதே. கையக் கட்டிட்டு நில்லு."

மேலே போகவும் முடியாது, கீழே போகவும் முடியாது. ஆனால் ஒரு வழி இருந்தது. மாடிக்கு மாடி ஒரே ஒரு கண்ணாடியில் மட்டும் சிவப்பு முக்கோணம் ஒட்டியிருக்கும். தீயணைப்பு ஆட்கள் நுழைவதற்காக வைத்த திறக்கும் கண்ணாடி அது. அன்று அந்தக் கண்ணாடி தொட்டிலின் இடது முனைக்கு நேராக இருந்தது. அதைச் சற்று முன்புதான் சின்னவள் துடைத்து முடித்திருந்தாள். அவள் முக்கோணத்தைக் காட்டுவதற்குள் உள்ளே இருந்த தொந்திக்காரர் அதைப் பார்த்துவிட்டார். யாரையோ அதட்டினார், ஓடினார், சாவியோடு ஒரு காவலாளியை இழுத்துக்கொண்டு வந்தார். ரொம்ப நாளாகத் திறக்காத பூட்டு. அது பிடிவாதம் பிடித்தது. காவலாளி நெற்றியைத் துடைத்துத் துடைத்துத் திருகினார். இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி, தவழ்ந்து தவழ்ந்து இடது முனைக்கு வந்து காத்திருந்தார்கள். எழுந்து நிற்க இருவருக்குமே தைரியம் இல்லை.

கண்ணாடி உள்பக்கமாகத் திறந்தது. குளிர்ந்த காற்றும் மனிதக் குரல்களும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. நிறைய கைகள் நீண்டன.

"அவங்கள முதல்ல," என்றாள் சின்னவள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானம்மா வரணும், கட்டியிருக்கீங்களே," என்றார் தொந்திக்காரர்.

அப்படியே, இருவரையும் ஒரே மூட்டையாக உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

அலுவலகத் தரைவிரிப்பில் கிடந்தபோதும் சின்னவள் கம்பளத்தை முஷ்டியில் பிடித்துக்கொண்டே இருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி மேலே கொட்டியது. அண்ணன் படிக்கட்டு வழியாக ஓடிவந்திருந்தான். மனைவியிடம் போவதா தங்கையிடம் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றான். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மூடிய துண்டு குலுங்கியது.

தீயணைப்பு அதிகாரி மண்டியிட்டுக் கேட்டார்: "எப்படிம்மா ஆரம்பிச்சுது? முதல்ல என்ன நடந்துச்சு?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள்.

"நான் கொக்கியக் கழட்டினேன்," என்றாள் அண்ணி. "எம் மேலதான் தப்பு, சார். எழுதிக்கோங்க."

"உருளை வழுக்கினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்றாள் சின்னவள்.

உருளையின் பல் ஒன்று தேய்ந்து உடைந்திருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அதை அண்ணனால் பார்த்திருக்க முடியாது, உள்ளே இருந்தது. அந்த வண்டியை அதற்கப்புறம் யாரும் ஓட்டவில்லை. சின்னவளுக்கு விலாவில் விரிசல். அண்ணிக்கு வயிற்றில் கம்பியின் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. வேறு காயம் இல்லை. மருத்துவமனையில் பார்த்துவிட்டு அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வாடகைக் காரில் வரும்போது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "நீ கண்ண மூடிட்டு இருந்தே. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

சின்னவளுக்குக் காது சூடாகியது. "அண்ணி, நான்..."

"நானா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருப்பேன்டி," என்றாள் அண்ணி.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முதல் படிக்கட்டு வரை அண்ணி பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறது, ராத்திரிக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம். படியில் கால் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். அவ்வளவுதான். பிடித்த கை விடவில்லை.

"வா," என்றான் அண்ணன்.

"முடியல."

"மூணு மாடிதானே, மெதுவா வா."

"முடியலங்க. காலு கேக்கல. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

பதினாலாவது மாடியில் கிண்டல் பேசியவள் தன் வீட்டு வாசல் படியில் வெடவெடவென்று நடுங்கினாள். நெற்றி முழுக்க வேர்த்தது. அண்ணன் தூக்கிக்கொள்கிறேன் என்று கிட்டே போனான். "தொடாதீங்க, தூக்காதீங்க!" என்று அலறினாள். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அவன் இரண்டு அடி பின்னால் போய்விட்டான்.

மூவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். அண்ணி சுவரோரமாக, சின்னவள் அவள் பக்கத்தில், அண்ணன் ஒரு படி கீழே. மேல் வீட்டுக்காரர் குப்பைப் பையோடு இறங்கிவந்தார்.

"என்ன, வழியில உக்காந்திருக்கீங்க? சாவி தொலைஞ்சுடுச்சா?"

"ஆமாங்க," என்றான் அண்ணன். "தேடிட்டு இருக்கோம்."

அவர் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். மேலே ஏதோ ஒரு வீட்டில் குழந்தை அழுதது. யாரோ தாளிக்கும் வாசனை படிக்கட்டில் இறங்கிவந்தது. அண்ணியின் கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. ஆனால் வெளுத்திருந்த விரல்களில் கொஞ்சம் நிறம் திரும்பியது.

"உங்க பசங்கதான் அழுவுது போல," என்றாள் சின்னவள்.

"அது என் பசங்க இல்ல. என் பசங்க இந்த நேரத்துல அடிச்சுக்கும், அழாது."

அண்ணி கையை எடுத்தாள். எழுந்து நிற்கவில்லை. திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் மேல் படியில் ஊன்றினாள், அப்புறம் முழங்காலை வைத்தாள். நடை பழகாத குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறத் தொடங்கினாள். அழுதுகொண்டே ஏறினாள். சின்னவள் பக்கத்திலேயே, விலாவைப் பிடித்துக்கொண்டு, அவளும் குனிந்தே ஏறினாள். அண்ணன் பின்னால் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் வந்தான்.